பாதத்தைப் பார்க்கும் வேலை: தற்காலிகமா, நிரந்தரமா?

(கொழும்பில் தொழில் புரியும் தோட்டத்து இளைஞர், யுவதிகளின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், கொட்டாஞ்சேனையில், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



வாரத்தில் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே லீவு நாள் இது. அதையும் விட்டுக்கொடுத்து வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கொஞ்ச நாளாக ஒரு கேள்வி என் காதுக்கு அடிக்கடி வருகிறது. "ஐயா, பொடியாட்ரிஸ்ட் என்று ஒரு வேலை இருக்குதாமே, காலுக்கு வைத்தியம் பார்க்கிற வேலையாமே, தற்காலிகமாகவும் எடுக்கிறாங்களாம், நிரந்தரமாகவும் எடுக்கிறாங்களாம், ஆறு மாதம் படித்தால் லண்டனுக்கே போகலாமாம், உண்மையா?" என்று கேட்கிறார்கள். வெள்ளவத்தையில் முதியவர்களைப் பராமரிக்கிற பிள்ளைகளும் கேட்கிறார்கள், ஜம்பட்டா வீதிப் பக்கம் கடையில் நிற்கிற பிள்ளைகளும் கேட்கிறார்கள். பாதி உண்மை, பாதி பொய். எது உண்மை, எது பொய் என்று பிரித்துச் சொல்வதுதான் இன்றைய என் பேச்சு.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். பொடியாட்ரிஸ்ட் என்றால் பாதத்தைப் பரிசோதித்து, ஆணி, காய்ப்பு, சதைக்குள் வளர்ந்த நகம், ஆறாத புண், வளைந்த பாதம் இவற்றுக்கெல்லாம் சிகிச்சை செய்கிறவர். முன்பு கைரோபொடிஸ்ட் என்று சொல்வார்கள். இங்கிலாந்தில் இதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும், சாதாரணமாக 3 வருடம். பட்டம் எடுத்த பிறகு அங்குள்ள சுகாதாரத் தொழிலாளர் சபையில் பெயர் பதிய வேண்டும். பதியாத ஒருவர் தன்னைப் பொடியாட்ரிஸ்ட் என்று சொல்லிக்கொண்டால் அது அங்கே சட்டப்படி குற்றம். அவுஸ்திரேலியாவிலும் அப்படித்தான். 2010ஆம் ஆண்டிலிருந்து அங்கே முழு நாட்டுக்கும் ஒரே பதிவு முறை நடக்கிறது.

அங்கே தற்காலிக வேலையும் உண்டு, நிரந்தர வேலையும் உண்டு. தற்காலிக வேலையை "லோக்கம்" என்பார்கள். ஒருவர் பிரசவ லீவில் போனால், சுகமில்லாமல் போனால், அந்த இடத்துக்கு மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஆள் எடுப்பார்கள். ஒன்றை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தற்காலிகமாக வருகிறவருக்கும் அதே பட்டம், அதே பதிவு வேண்டும். தற்காலிகம் என்றால் படிப்புக் குறைவு என்று அர்த்தம் இல்லை. ஏஜென்சிக்காரன் உங்களிடம் விற்கிற பொய் இதுதான். "நிரந்தர வேலைக்குத்தான் பட்டம், தற்காலிக வேலைக்குச் சேட்டிபிகேட் போதும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

நம் நாட்டு அரச பல்கலைக்கழகங்களில் பாத மருத்துவத்துக்கென்று தனிப் பட்டப்படிப்பு கிடையாது. அப்படியென்றால் இங்கே அந்த வேலையே இல்லையா? வேலை இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் இல்லை. தாதிமார் கொஞ்சம், பிசியோதெரபிஸ்ட் கொஞ்சம், செயற்கைக் கால் செய்கிறவர் கொஞ்சம், பராமரிப்பாளர் கொஞ்சம், சப்பாத்து தைக்கிறவர் கொஞ்சம் என்று பல கைகளில் பிரிந்து கிடக்கிறது.

இந்த வேலை ஏன் அவசியம் என்று நம்ம ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை என்று நினைக்கலாம். ஆனாலும் சொல்கிறேன். சீனி வருத்தம் பல வருடம் இருந்தால் காலில் உணர்ச்சி குறைகிறது. ரத்த ஓட்டமும் குறைகிறது. ஒரு சின்னக் கல், ஒரு முள், இறுக்கமான சப்பாத்து, எது குத்தினாலும் தெரியாது. வலி இல்லாதபடியால் அதே இடத்தை ஊன்றி ஊன்றி நடக்கிறோம். காய்ப்பு வருகிறது, காய்ப்புக்கு அடியில் புண் வருகிறது, புண்ணில் கிருமி போகிறது. பிறகு விரலை எடுக்க வேண்டும், பாதத்தை எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்கிறார். நீரிழிவு உள்ள 100 பேரை எடுத்தால், அவர்களில் 19 முதல் 34 பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது காலில் புண் வரும் என்று 2017ஆம் ஆண்டு வெளிவந்த மருத்துவக் கட்டுரை ஒன்று கணக்குச் சொன்னது. இந்தப் புண்களில் பெரும்பகுதியை வராமலே தடுக்கலாம். தடுக்கிற வேலைதான் பாதத்தைப் பார்க்கிற வேலை.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மனிதர் இருக்கிறார். டொக்டர் போல் பிராண்ட். 1914இல் தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் பிறந்தவர், வெள்ளைக்காரப் பாதிரியார் குடும்பம். நம்மைப் போல மலையில் ஓடி விளையாடிய பிள்ளை. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய்க்காரருக்கு விரல் குறைந்துபோவது நோய் சதையைத் தின்பதால்தான் என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். அவர் கூர்ந்து கவனித்துவிட்டு, இல்லை, உணர்ச்சி இல்லாததால் காயப்பட்டுக் காயப்பட்டுத்தான் போகிறது என்று எடுத்துக் காட்டினார். அதனால் ஒப்பரேஷன் மட்டும் போதாது, நல்ல செருப்பும் வேண்டும் என்று, மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்கிற மெத்தென்ற ரப்பரில் செருப்புச் செய்யும் முறையை வளர்த்தார்கள். 1966இல் அவர் அமெரிக்காவுக்குப் போனார். தொழுநோய்க் காலில் கற்ற பாடம் அங்கே நீரிழிவுக் காலுக்கும் பயன்பட்டது. இன்றைக்கும் இந்தியாவிலும் இலங்கையிலும் நீரிழிவுக்காரருக்கு டொக்டர்மார் சொல்கிற அந்த மெத்தைச் செருப்பின் வரலாறு அதுதான்.

இதை ஏன் சொல்கிறேன்? "ஐயோ, காலைத் தொடுற வேலையா, ஊர்ல என்ன சொல்லுவாங்க" என்று நம்ம வீடுகளில் ஒரு பேச்சு இருக்கிறது. மறைக்க வேண்டாம், சாதியை வைத்துத்தான் அந்தப் பேச்சு வருகிறது. செருப்புத் தைக்கிறவரையும், புண்ணைத் துடைக்கிறவரையும் ஒரு படி கீழே வைத்துப் பழகிவிட்டோம். ஆனால் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் அப்பா அம்மா காலைத் தொட்டுத்தானே கும்பிடுகிறோம்? அன்றைக்குப் புண்ணியமாக இருக்கிற கால் மற்ற நாளில் அசிங்கமாகிவிடுமா? உலகம் போற்றிய ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் செருப்புச் செய்கிறவரோடு சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்தார். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

இனி, இலங்கையில் இந்த வேலைக்குப் போக என்ன வாசல்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, தாதியர் சேவை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் படித்த பிள்ளைகளுக்கு இதுதான் நேர் வழி. அரசாங்கத் தாதியர் கல்லூரியில் மூன்று வருடப் பயிற்சி, அதில் மாதக் கொடுப்பனவும் உண்டு. அதன் பிறகு நிரந்தர அரசாங்க உத்தியோகம். வேண்டிய தகைமை வர்த்தமானியில் வரும், ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும், பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை வைத்து அல்ல. தாதியான பிறகு நீரிழிவு கிளினிக்கில் தனிப் பயிற்சி எடுக்கலாம். இலங்கை மருத்துவச் சங்கம் "நிரோகி லங்கா" என்ற திட்டத்தின் கீழ் தாதி உத்தியோகத்தர்களுக்கு நீரிழிவுக் கல்வியாளர் பயிற்சி கொடுத்தது. காலைச் சோதிப்பதும், நோயாளிக்குப் புத்தி சொல்வதும் அந்த மாதிரி வேலையில் சேரும். நம்ம ஆட்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்கக்கூடிய தாதிமார் எவ்வளவு தேவை என்பது, கிளினிக்கில் மொழி தெரியாமல் நின்ற ஒவ்வொரு தாய்க்கும் தெரியும்.

இரண்டாவது, செயற்கை அவயவமும் பாதத் துணைக்கருவியும் செய்கிற தொழில். ராகமையில் இதற்கென்று ஒரு கல்லூரி 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மூன்று வருட டிப்ளோமா. கால் இழந்தவருக்குக் கால் செய்வது, வளைந்த பாதத்துக்குத் தாங்கு கருவி செய்வது, சப்பாத்துக்குள் வைக்கிற அச்சுத் தட்டுச் செய்வது எல்லாம் இதில் வருகிறது. கை வேலையும் வேண்டும், விஞ்ஞானமும் வேண்டும். எந்த மாதிரி இடங்களில் இந்தத் தொழில் நடக்கிறது என்று கேட்டால், ராகமை புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. 1831இல் தொடங்கிய கொழும்பு நண்பர் உதவிச் சங்கம் இருக்கிறது, அங்கே 1985 முதல் ஜெய்ப்பூர்க் கால் செய்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 1987இல் ஆரம்பித்த ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது. ஜெய்ப்பூர்க் காலை 1968 அளவில் இந்தியாவில் உருவாக்கியவர்கள் யார் தெரியுமா? டொக்டர் சேத்தியும், அவரோடு ராம் சந்திர சர்மா என்கிற கைவினைஞரும். அந்தக் கைவினைஞருக்குப் பெரிய பள்ளிப் படிப்பு இருக்கவில்லை. கைத்திறமை உள்ள தம்பிமார் இதை யோசித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, பராமரிப்பாளர் வேலை. சாதாரண தரத்தோடு நின்றவர்களுக்குத் திறந்திருக்கிற வாசல் இது. தொழிற்பயிற்சி அதிகார சபை போன்ற அரசாங்க நிறுவனங்களில் பராமரிப்பாளர் பயிற்சி எடுத்து, என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கு இந்தப் பக்கமும் கடல் பக்கமும் எத்தனையோ மாடி வீடுகளில் வயதான அம்மாவும் அப்பாவும் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் லண்டனில், டொரண்டோவில். அங்கே நம்ம பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ஆனால் கவனம். பராமரிப்பாளர் பொடியாட்ரிஸ்ட் அல்ல. நீங்கள் செய்யக்கூடியது, காலைக் கழுவி விரல் இடுக்கெல்லாம் ஈரம் துடைப்பது, தினமும் அடிப்பாதத்தைப் பார்ப்பது, சிவப்பு, கொப்புளம், வெடிப்பு இருந்தால் உடனே வீட்டாருக்கும் டொக்டருக்கும் சொல்வது, வெடித்த தோலுக்குக் கிறீம் பூசுவது (விரல் இடுக்கில் பூசக் கூடாது). செய்யக்கூடாதது, சீனி வருத்தக்காரரின் ஆணியையோ காய்ப்பையோ பிளேட்டால் வெட்டுவது, ஆணி மருந்து வைப்பது, சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுப்பது. "நீதானே கோர்ஸ் படிச்சிருக்கே, வெட்டிவிடு பிள்ளை" என்று வீட்டுக்காரர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். ஒரு பிளேட் வெட்டு அந்த மனிதருக்கு ஒரு காலின் விலை.

நான்காவது, அழகுக்கலை நிலையத்தில் பெடிகியூர் வேலை. அதுவும் நல்ல தொழில்தான், அதற்கும் என்.வி.கியூ. உண்டு. ஆனால் அது அழகுக்கு, வைத்தியத்துக்கு அல்ல. காலில் புண் உள்ளவரை அனுப்பிவிடத் தெரிந்த பிள்ளைதான் அந்த வேலையில் கெட்டிக்காரி.

இப்போது தற்காலிகமா, நிரந்தரமா என்ற கேள்விக்கு வருவோம். தோட்டத்தில் பிறந்த நமக்கு இந்த வித்தியாசம் புதிதல்ல. செக்ரோலில் பெயர் பதிந்த தொழிலாளிக்கும், கைகாசுக்கு வருகிறவருக்கும் என்ன வித்தியாசம் என்று தாய் தகப்பனிடம் கேளுங்கள். ஒரே மலை, ஒரே கொழுந்து, ஆனால் கடைசியில் கையில் வருவது வேறு. கொழும்பிலும் அதேதான் நடக்கிறது.

தற்காலிக வேலை கூடாது என்று நான் சொல்லவில்லை. அனுபவம் எடுக்க, சிங்களம் பழக, படிப்புக்குக் காசு சேர்க்க அது உதவும். ஆனால் தற்காலிகம் என்பதற்காக உரிமை இல்லை என்று நினைக்காதீர்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக ஊழியருக்கும் பயிலுநருக்கும் பொருந்தும். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். அதற்கு மேலே ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும், அதை உங்கள் சம்பளத்தில் வெட்டக்கூடாது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று சேவைக்காலப் பணம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு இடம் என்று தாவிக்கொண்டிருந்தால் அந்தப் பணம் ஒருக்காலும் கைக்கு வராது. ஒரு வித்தியாசத்தையும் மனதில் வையுங்கள். ஏஜென்சி உங்களைத் தன் ஊழியராக எடுத்து வீடுகளுக்கு அனுப்பினால் அந்த ஏஜென்சிதான் முதலாளி, அதனிடம் சேமலாப நிதி கேட்கலாம். வீட்டுக்காரரே நேரடியாக வைத்துக்கொண்டால் வீட்டு வேலை என்று கணக்கெடுப்பார்கள், அந்தப் பணம் பெரும்பாலும் கிடைக்காது. அதனால் அப்படிப் போகிறவர்கள் சம்பளத்தைக் கூட்டிப் பேசி, தாங்களே பாங்கில் போட்டு வைக்க வேண்டும்.

ஹட்டன் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தியின் கதை எனக்குத் தெரியும். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் காலில் புண் உள்ள ஐயாவைப் பார்க்க ஒரு ஏஜென்சி அனுப்பியது. இரவு பகல் 24 மணி நேர வேலை. நியமனக் கடிதம் இல்லை. அடையாள அட்டையையும் ஓ.எல். சேட்டிபிகேட்டையும் "பத்திரமா வைக்கிறோம்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் கொடுத்த சம்பளத்தில் எவ்வளவு வெட்டுகிறார்கள் என்றே அவளுக்குத் தெரியாது. ஏழு மாதம் கழித்து அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போகக் கேட்டபோது, சேட்டிபிகேட்டைக் கொடுக்க மறுத்தார்கள். அவள் செய்த நல்ல காரியம் ஒன்று, ஆரம்பத்திலிருந்தே ஒரு கொப்பியில் தேதி, வேலை செய்த நேரம், கையில் வாங்கிய காசு எல்லாம் எழுதி வைத்திருந்தாள். அந்தக் கொப்பியோடு தொழில் திணைக்களத்துக்குப் போனோம். பத்திரங்கள் திரும்பி வந்தன, நிலுவைச் சம்பளத்தில் ஒரு பகுதியும் வந்தது. சேமலாப நிதிப் பணம் இன்னும் விசாரணையில் இழுபடுகிறது. கொப்பி இல்லாவிட்டால் அதுவும் இல்லை. ஐந்து ரூபா மீதத்தையும் எழுதி வைக்கிற பழக்கத்தை இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

வேலை தேடுகிறவர்கள் செய்ய வேண்டியதை இனிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பத்திரங்களைச் சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இருக்கிறது! தோட்டத்தில் எழுதினவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். நேர்முகப் பரீட்சை அன்று இது முட்டுக்கட்டையாக நிற்கும். பிரதேச செயலகத்தில் இப்போதே திருத்த விண்ணப்பியுங்கள். மூலப் பத்திரத்தை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள், போட்டோ கொப்பி மட்டும் கொடுங்கள். கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், பொலிஸ் சான்றிதழ் இரண்டும் கையில் இருக்கட்டும்.

பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்தவுடன் காசு கட்டாதீர்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போவது பெரிய பயணமில்லை. புறக்கோட்டைக்கு வந்து 100 அல்லது 101 பஸ் எடுத்தால் காலி வீதியில் இறங்கலாம். நேரே போய் அந்த இடத்தைப் பாருங்கள். பெயர்ப் பலகை இருக்கிறதா, அங்கே ஏற்கனவே வேலை செய்கிறவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். நேர்முகத்தில் ஐந்து கேள்வி கேளுங்கள்: நியமனக் கடிதம் எப்போது? சம்பளம் எவ்வளவு, எதற்காக வெட்டுவீர்கள்? வேலை நேரம் என்ன? சேமலாப நிதி எந்த மாதத்திலிருந்து? தற்காலிகம் என்றால் எத்தனை மாதம், பிறகு நிரந்தரமாக்குவீர்களா? இவற்றைக் கேட்டால் வேலை தரமாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். கேட்டதற்காகத் தராத இடம், வேலைக்குப் போகக் கூடாத இடம்.

வெளிநாட்டு ஆசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் 1989 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். இங்கிலாந்து 2025ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் திகதியிலிருந்து வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர் எடுப்பதை நிறுத்திவிட்டது. பொடியாட்ரிஸ்ட் வேலைக்கோ பட்டமும் பதிவும் வேண்டும். ஆகவே "ஆறு மாதக் கோர்ஸ், லண்டன் கேர் விசா" என்று இன்றைக்கும் யாராவது லட்சக் கணக்கில் கேட்டால், அம்மாவின் தோட்டைக் கழற்றி அடகு வைக்காதீர்கள். அந்தத் தோடு எத்தனை கிலோ கொழுந்து என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக, ஊரிலிருக்கிற கால்களைப் பற்றி. நம்ம தாய்மார் மலையில் ஏறி இறங்கிய கால்கள், அட்டை கடித்த கால்கள், மழையில் ஊறி வெடித்த கால்கள். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, சீனி வருத்தம் உள்ள அப்பா அம்மாவை உட்கார வைத்து, இரண்டு பாதத்தையும் தூக்கி அடியில் பாருங்கள். தனியாக இருப்பவர் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். புண் இருந்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிவிட்டு இருக்காமல், மறுநாளே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். செருப்பு, சப்பாத்து போடுமுன் கவிழ்த்துத் தட்டச் சொல்லுங்கள். இதற்குப் பட்டமும் வேண்டாம், பதிவும் வேண்டாம், சம்பளமும் கிடைக்காது. ஆனால் இந்த வேலையைச் செய்து பார்த்த பிள்ளைக்குத்தான், அந்தத் தொழில் தனக்குச் சரிப்படுமா என்பதும் தெரியும்.

தாதியர் விண்ணப்பம், ராகமைக் கல்லூரி, என்.வி.கியூ. பயிற்சி பற்றி விபரம் வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். பெயர் திருத்தம் செய்ய வேண்டியவர்கள் அடுத்த முறை வரும்போது பிறப்புச் சான்றிதழின் கொப்பியைக் கொண்டு வாருங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்புவோம்.